சுவர்ப் படங்களும் எங்கட பிள்ளைப் பருவத்துப் பள்ளிவாசல்களும்

கிழக்கிலங்கை முஸ்லிம் வீடொன்றின் முன் மண்டபத்தில் 1960களிலோ 70களிலோ என்னென்ன படங்கள் தொங்கின என்று கேட்டால், அந்தக் காலத்தைக் கண்ட எவரும் யோசிக்காமலே பதில் சொல்லிவிடுவார். ஒரு பக்கம் மக்கத்துப் படம். அதற்குச் சோடியாக மதீனாப் படம். சில வீடுகளில் மூன்றாவதாக பைத்துல் முகத்தஸ். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஆயத்துல் குர்ஸி. அதற்குப் பக்கத்தில் கொழும்புக் கடையொன்று இலவசமாகக் கொடுத்த கலண்டரில் தாஜ்மகால். ஆட்களின் படம் இருக்காது. கலியாணத்தில் எடுத்த போட்டோ ஒன்றிரண்டு இருந்தாலும் அது அலுமாரிக்குள் உடுப்புகளுக்கு அடியில்தான் கிடக்கும்.

பக்கத்துத் தமிழ் ஊர்களின் வீடுகளில் முருகனும் இலட்சுமியும் இருந்தார்கள். கத்தோலிக்க வீடுகளில் யேசுநாதரும் மாதாவும் இருந்தார்கள். தேநீர்க் கடைகளில் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கட வீட்டுச் சுவர்களில் முகங்கள் இல்லை, கட்டடங்கள் இருந்தன. ஆகவே மரியாதை என்பதைக் கட்டடங்களுக்கு முன்னால்தான் நாங்கள் முதலில் பழகினோம். மக்கத்துப் படம் தொங்கிய பக்கம் காலை நீட்டினால், "புள்ள, அங்கால காலை நீட்டாத, மக்கம் இரிக்கி" என்று மூத்தம்மா அதட்டுவா. படம் கிழக்குச் சுவரில் தொங்கினாலும் அவவுக்கு அது கிப்லாதான்.

இப்படிச் சுவரில் பார்த்து வளர்ந்த இடங்கள் எங்கட கற்பனையை எப்படி அமைத்தன, அந்தப் படங்களுக்குப் பின்னால் இருந்த வரலாறு என்ன, படத்தில் வராத எங்கட சொந்த இடங்களுக்கு என்ன நடந்தது என்ற மூன்று விடயங்களை இங்கே பார்க்க விரும்புகிறேன். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதை விளங்கிக்கொள்ள முதல் இரண்டும் வேண்டும்.

மக்கத்துப் படம்

மக்காவையும் மதீனாவையும் படமாக வரையும் வழக்கம் புகைப்படத்துக்கு மிக முந்தியது. மொரோக்கோவைச் சேர்ந்த இமாம் முஹம்மத் அல் ஜஸூலி (மரணம் 1465) தொகுத்த 'தலாயிலுல் கைராத்' என்ற ஸலவாத்துக் கிரந்தத்தை நம்மவர்களில் பலரும் அறிவார்கள். அதன் பழைய கையெழுத்துப் பிரதிகளில் நபி (ஸல்) அவர்களின் ரவ்ழா ஷரீபைக் காட்டும் படம் இருக்கும். பிற்காலத்துப் பிரதிகளில் ஒரு பக்கத்தில் மக்காவையும் எதிர்ப் பக்கத்தில் மதீனாவையும் சோடியாக வரைந்தார்கள். எங்கட சுவர்களில் இந்த இரண்டு படங்களும் பிரியாமல் தொங்கியதற்கான வேரை இந்தப் பக்கங்களில் தேட வேண்டும் என்பது என் எண்ணம். 17ஆம் நூற்றாண்டில் துருக்கியர் செய்த மினுக்க ஓடுகளிலும் கஃபாவும் அதைச் சுற்றிய தாழ்வாரங்களும் மினாராக்களும் தீட்டப்பட்டிருக்கின்றன. அவற்றைச் சுவரில் பதித்தார்கள். ஹஜ்ஜுக்குப் போக முடியாதவர் பார்த்துக் கண் குளிரவும், போய் வந்தவர் நினைத்துப் பார்க்கவும் அவை உதவின.

பிறகு புகைப்படம் வந்தது. எகிப்திய இராணுவ அதிகாரியும் நில அளவையாளருமான முஹம்மத் ஸாதிக் 1861இல் மதீனாவைப் படம் பிடித்தார். ஹஜ் பயணக் கூட்டத்தோடு மீண்டும் சென்று 1880இல் மக்காவையும் படம் பிடித்தார். இந்த இரு நகரங்களின் முதல் புகைப்படங்களாக அறியப்படுபவை இவைதான். 1885இல் மக்காவில் தங்கியிருந்த ஒல்லாந்து அறிஞர் ஸ்னூக் ஹுர்க்ரொன்யே வெளியிட்ட படத் தொகுதியிலும் மக்காவாசியான அப்துல் கஃப்பார் என்ற வைத்தியர் எடுத்த படங்கள் இருக்கின்றன. இந்த வைத்தியர்தான் மக்காவின் முதல் உள்ளூர்ப் புகைப்படக்காரர். இந்தியாவில் டில்லியைச் சேர்ந்த எச்.ஏ. மிர்ஸா என்பவரின் நிலையம் ஹஜ்ஜையும் இரு ஹரம்களையும் படமெடுத்து வெளியிட்டது.

எங்கட ஊருக்குப் படங்கள் இரண்டு வழியால் வந்தன. ஒன்று, கொழும்புக் கடைகளில் விற்ற இந்திய அச்சுப் படங்கள். அவற்றில் வானம் தேவைக்கு அதிகமாக நீலமாக இருக்கும். ஓரத்தில் ரோசாப்பூவும் பிறையும் வரைந்திருக்கும். மற்றது, ஹாஜிமார் ஸம்ஸம் தண்ணீரோடும் பேரீச்சம்பழத்தோடும் சுருட்டிக் கொண்டுவந்த படங்கள். ஹாஜியார் வீட்டுக்குப் பார்க்கப் போன பிள்ளைக்கு ஒரு மிடறு ஸம்ஸம், ஒரு பழம், சுவரில் புதிதாக மாட்டிய படத்தைப் பார்க்க ஒரு வாய்ப்பு. இந்த மூன்றும் சேர்ந்துதான் எங்களுக்கு மக்கா.

அந்தப் படத்தில் என்ன இருந்தது? நடுவில் கறுப்புக் கிஸ்வா போர்த்திய கஃபா. சுற்றிலும் துருக்கியர் காலத்து வளைவுத் தாழ்வாரங்கள். அவற்றின் மேல் வரிசையாகச் சின்னச் சின்னக் குப்பாக்கள். பின்னால் வெறும் மலைகள். மிகப் பழைய படமானால் நான்கு மத்ஹபுகளின் இமாம்களுக்கும் தனித்தனியாக இருந்த தொழுகை மண்டபங்களும் தெரியும். 1955இல் தொடங்கிய சவூதி அரசின் பெரும் விரிவாக்கமும் அதற்குப் பின் வந்த விரிவாக்கங்களும் இந்தக் காட்சியை மாற்றிவிட்டன. மத்ஹபு மண்டபங்கள் இன்று இல்லை. பள்ளியைப் பார்த்தபடி மலைமேல் நின்ற, 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அஜ்யாத் கோட்டை 2002இல் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் எழுந்த கட்டடத் தொகுதியின் மணிக்கூட்டுக் கோபுரம் 601 மீற்றர் உயரமானது. கஃபாவின் உயரம் சுமார் 13 மீற்றர்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. லட்சக்கணக்கானோர் கூடும் இடத்தில் விரிவாக்கம் தேவை. சொல்ல வருவது வேறு. சுவர்ப் படம் ஒரு நகரத்தின் ஒரு காலத்தை மட்டும் பிடித்து வைத்திருந்தது. நாங்கள் அதையே நிரந்தரமான மக்காவாக மனதில் குடியேற்றிக்கொண்டோம். உம்றாவுக்குப் போய் வந்த வயதாளிகள், "படத்துல பார்த்த மக்கம் வேற, இது வேற மகன். ஆனா கஃபாவக் கண்டதும் எல்லாம் மறந்து போச்சு" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இன்று ஒரு மத்ரஸாப் பிள்ளையிடம் மக்காவை வரையச் சொல்லிப் பாருங்கள். கஃபாவுக்குப் பின்னால் பச்சை வெளிச்சம் எரியும் அந்த மணிக்கூட்டையும் சேர்த்தே வரையும். அந்தப் பிள்ளையின் மக்கா அதுதான்.

பச்சைக் குப்பா

மதீனா என்றால் எங்கட மனதில் முதலில் வருவது நிறம். மீலாத் மேடையின் சோடனை, கொடி, தோரணம் எல்லாவற்றிலும் அந்தப் பச்சை இருந்தது. வர்ணப் பென்சில் பெட்டியில் பச்சைதான் முதலில் தேய்ந்து போகும்.

இந்தப் பச்சைக்கும் ஒரு வயது இருக்கிறது. நபி (ஸல்) அவர்களின் கப்ருக்கு மேல் முதன்முதலில் குப்பா எழுப்பப்பட்டது 1279இல், மம்லூக் ஸுல்தான் கலாவூன் காலத்தில். அது மரத்தால் ஆனது. பின்னர் பல தடவைகள் புதுப்பிக்கப்பட்டது. இப்போது நாம் காணும் குப்பா 1818இல் துருக்கிய ஸுல்தான் இரண்டாம் மஹ்மூத் காலத்தில் கட்டப்பட்டது. அதற்குப் பச்சை பூசியது 1837இல். அதற்கு முன் வேறு நிறங்களில் இருந்திருக்கிறது. ஆக, மதீனாவோடு பிறந்தது போலத் தோன்றும் பச்சை, இரண்டு நூற்றாண்டுகளைக்கூட இன்னும் தாண்டவில்லை. ஆனால் அதற்குள் அது உலகம் முழுவதும் முஸ்லிம் பிள்ளைகளின் மனதில் நின்றுவிட்டது. அச்சுப் படம் இல்லாவிட்டால் இவ்வளவு விரைவில் இது நடந்திருக்காது.

இரண்டு குப்பாக்கள்

மூன்றாவது படம் கொஞ்சம் சிக்கலானது. பொன் நிறக் குப்பாவும் நீல ஓடுகள் பதித்த எட்டுப் பட்டைச் சுவரும் கொண்ட அந்தக் கட்டடத்தின் கீழே 'மஸ்ஜிதுல் அக்ஸா' என்று அச்சிட்டிருப்பார்கள். இன்றைக்கும் கலண்டர்களில், முஸல்லாக்களில், துண்டுப்பிரசுரங்களில் இது தொடர்கிறது.

அந்தப் பொன் குப்பாவின் பெயர் குப்பத்துஸ் ஸக்ரா. உமைய்யாக் கலீபா அப்துல் மலிக் காலத்தில், ஹிஜ்ரி 72இல் (691 - 692) முடிக்கப்பட்டது. நடுவே ஒரு பாறையைச் சூழ்ந்து அது கட்டப்பட்டிருக்கிறது. அதே வளாகத்தின் தெற்குப் பக்கத்தில், ஈயத் தகடு வேய்ந்த சாம்பல் நிறக் குப்பாவோடு தாழ்ந்து நிற்பது, ஜும்ஆ நடக்கும் கிப்லீப் பள்ளி. இரண்டையும் உள்ளடக்கிய சுமார் 14 ஹெக்டயர் வளாகம் முழுவதும் அல் அக்ஸாவே என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். அந்தக் கணக்கில் பொன் குப்பாப் படத்துக்குக் கீழே அக்ஸா என்று எழுதுவது முற்றிலும் பிழையாகாது. ஆனால் அந்த ஒரு கட்டடம் மட்டுமே அக்ஸா என்று பதிந்துவிட்டால், கிப்லீப் பள்ளிக்கு ஏதும் நடந்தால் கூட நம் பிள்ளை கவனியாது. 'படத்தில் உள்ளது பத்திரமாகத்தானே நிற்கிறது' என்று நினைத்துக்கொள்ளும்.

நடந்தும் இருக்கிறது. 1969 ஓகஸ்ட் 21ஆம் திகதி அவுஸ்திரேலியன் ஒருவன் தீ வைத்தது கிப்லீப் பள்ளிக்குத்தான். நூருத்தீன் ஸங்கி செய்வித்து, ஸலாஹுத்தீன் ஐயூபி பைத்துல் முகத்தஸை மீட்ட பின் அங்கே கொண்டுவந்து வைத்த மர மிம்பர் அந்தத் தீயில் எரிந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் ரபாத் நகரில் முஸ்லிம் நாடுகள் கூடி இஸ்லாமிய மாநாட்டு அமைப்புக்கு வித்திட்டதற்கு இந்தத் தீயே உடனடிக் காரணம்.

பொன் நிறத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் முதற் பாதியில் எடுத்த படங்களைப் பார்த்தால் குப்பத்துஸ் ஸக்ராவும் மங்கிய ஈய நிறத்தில்தான் இருக்கும். 1959 முதல் 1964 வரை நடந்த திருத்த வேலையில்தான் பொன் நிற உலோகத் தகடு வேய்ந்தார்கள். 1993 - 94இல் ஜோர்தான் மன்னர் ஹுஸைனின் உதவியோடு உண்மையான தங்க முலாம் பூசிய தகடுகள் வந்தன. என்னுடைய மூத்தாப்பா மனதில் வைத்திருந்த பைத்துல் முகத்தஸ் சாம்பல் நிறமாகவும், என்னுடையது பொன் நிறமாகவும் இருந்திருக்க வேண்டும். ஒரே வீட்டுக்குள், ஒரே பெயரில் இரண்டு கட்டடங்கள்.

எரிந்த மிம்பரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ஆணி அடிக்காமல், ஆயிரக்கணக்கான மரத் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று பொருத்திச் செய்த வேலை அது. தீயில் போன பிறகு அதைப் போல ஒன்றைச் செய்ய முடியுமா என்ற கேள்வி பல ஆண்டுகள் நின்றது. கடைசியில் பழைய புகைப்படங்களை அணு அணுவாக ஆராய்ந்து, அந்தக் கோலங்களின் கணக்கைக் கண்டுபிடித்து, ஜோர்தானில் தச்சர்கள் புதிய மிம்பரைச் செய்தார்கள். 2007இல் அது பள்ளிக்குள் வைக்கப்பட்டது. எரிந்ததை மீட்டது படம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முஸல்லாவும் சின்னக் கமராவும்

சுவரை விட்டுக் கீழே இறங்கினால் முஸல்லா. அதில் நெய்திருந்த கஃபாவை மிதிக்கக் கூடாது என்பதற்காகப் பிள்ளைகள் காலை எப்படி எப்படியோ வைத்து நிற்பார்கள். ஓதிக்கொடுக்கும் லெப்பை, "படத்துல என்னடா இரிக்கி, மனசத் தொழுகையில வை" என்பார். ஆனாலும் ஸுஜூதுக்குப் போகும்போது கண் அந்தப் படத்திலேயே விழும். படம் போட்ட முஸல்லாவில் கவனம் சிதறும் என்று உலமாக்கள் சொல்வதில் உள்ள நியாயம், அதில் தொழுத பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

ஹாஜிமார் கொண்டுவந்த இன்னொரு பொருள், பிளாஸ்ரிக்கில் செய்த சின்னக் கமரா. கண்ணோடு ஒட்டி வைத்து வெளிச்சத்தைப் பார்த்து பொத்தானை அமத்தினால், உள்ளே ஒவ்வொரு படமாக மாறும். கஃபா, ஸஃபா மர்வா, அரபா மலை, மினாவின் கூடாரங்கள், மதீனா, பிறகு திரும்பவும் கஃபா. ஊரில் ஒரு வீட்டில் அது இருந்தால் தெருவுப் பிள்ளைகள் முழுக்க வரிசையில் நிற்கும். சுவர்ப் படத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. சுவர்ப் படம் தூரத்தில் நின்று பார்க்கிற காட்சி. கமராவுக்குள் பார்த்தால் நாமே உள்ளே நிற்பது போல இருக்கும். ஹஜ்ஜின் ஒழுங்கைப் பாடப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னரே, எந்த இடத்துக்குப் பிறகு எந்த இடம் என்பதை அந்தப் பொத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

படத்திலிருந்து கட்டடம்

படங்கள் கற்பனையில் மட்டும் நின்றுவிடவில்லை, செங்கல்லாகவும் மாறின. அதற்கு நம் நாட்டிலுள்ள மிகச் சிறந்த உதாரணம் கொழும்பு புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவின் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல். சிவப்புப் பள்ளி, சம்மாங்கோட்டுப் பள்ளி என்று மக்கள் வாயில் வழங்குவது. இந்திய முஸ்லிம் வர்த்தகர்களின் முயற்சியில் 1908இல் வேலை தொடங்கி 1909இல் முடிந்தது. அதை வடிவமைத்தவர் ஹபீபு லெப்பை ஸாய்பு லெப்பை. முறையாகக் கட்டடக்கலை படித்தவரல்லர். தென்னிந்திய வர்த்தகர்கள் கொடுத்த கட்டடப் படங்களையும் விவரங்களையும் வைத்துக்கொண்டு, சிவப்பும் வெள்ளையுமான வரிகளும் மாதுளம்பழம் போன்ற குப்பாக்களும் கொண்ட அந்த அதிசயத்தை அவர் உருவாக்கினார். துறைமுகத்தை நெருங்கும் கப்பல்காரர்கள் அந்தப் பள்ளியைக் கண்டுதான் கொழும்பு வந்துவிட்டது என்று அறிந்துகொள்வார்களாம்.

இதில் நான் கவனிப்பது ஒன்று. ஸாய்பு லெப்பை படத்தைப் பார்த்துக் கட்டினார். படத்தை அப்படியே கட்டவில்லை. அவர் கையில் இருந்தது புறக்கோட்டையின் நெருக்கமான தெரு, சிறிய நிலம், உள்ளூர்க் கொத்தனார்கள். அதற்குள் கொண்டுவந்தபோது, தூரத்துக் கட்டடங்களின் சாயல் இன்னொன்றாகிவிட்டது. இன்று உலகத்தில் எங்கே காட்டினாலும் 'இது கொழும்பு' என்று சொல்லும்படியான கட்டடமாக அது நிற்கிறது. ஒரு மனிதரின் கற்பனைக்குள் புகுந்து வெளியே வந்த படம் அது.

அதற்குப் பிந்திய காலத்தில் நடந்ததைப் பாருங்கள். 1970களின் பின் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் பணத்தோடு புதிய படங்களையும் கொண்டுவந்தார்கள். ஊருக்கு ஊர் பழைய பள்ளிகள் இடிந்து புதியவை எழுந்தன. காத்தான்குடியின் பிரதான வீதியில் வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களைப் பார்க்கும் வெளியூர்க்காரர் பலர் இது அரபு ஆசை என்று சிரிப்பதுண்டு. சிறு வயதில் படத்தில் பார்த்த மரம் தன் ஊரில் நிற்க வேண்டும் என்ற ஆசையில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. ஆனால் புதிய படத்துக்கு இடம் கொடுப்பதற்காகப் பழையதை ஒரு பதிவும் இல்லாமல் அழிப்பது வேறு விடயம்.

படத்தில் வராத இடங்கள்

பள்ளிவாசல் என்றால் குப்பாவும் மினாராவும் என்று படங்கள் எங்களுக்குப் பழக்கிவிட்டன. இந்த நாட்டின் பழைய பள்ளிகளில் பல அப்படியல்ல. காலி கோட்டைக்குள் வெளிச்சவீட்டுக்கு அருகில் இருக்கும் மீரான் ஜும்ஆப் பள்ளி 1904இல் கட்டப்பட்டது. முன்னால் இரண்டு கோபுரங்களோடு தேவாலயம் போல நிற்கும். சுற்றுலாப் பயணிகள் தேவாலயம் என்று நினைத்தே படம் எடுப்பார்கள். காலியில் வளரும் ஒரு பிள்ளைக்கோ அதுதான் பள்ளிவாசல். பேருவளையின் கெச்சிமலைப் பள்ளி, கடலுக்குள் நீட்டிய பாறை முனையில் வெள்ளையாக நிற்கிறது. அந்தப் பகுதியின் மீனவர்களுக்கு அது கரையின் அடையாளம்.

எல்லாவற்றிலும் பெரியது பாவா ஆதம் மலை. 1344இல் இங்கே வந்த இப்னு பதூதாவின் முக்கிய விருப்பமே இந்த மலையின் உச்சியில் உள்ள பாதச் சுவட்டைக் காண்பதுதான். ஒன்பது நாள் பயணத் தூரத்தில் கடலில் இருக்கும்போதே அது புகைத் தூண் போலத் தெரிந்தது என்ற பொருளில் அவர் எழுதுகிறார். ஏறுவதற்குப் பாறையில் கட்டியிருந்த இரும்புச் சங்கிலிகளையும் விவரிக்கிறார். கடைசிச் சங்கிலிக்கு ஷஹாதாச் சங்கிலி என்று பெயராம்; அதில் நின்று கீழே பார்த்தவர் பயத்தில் கலிமாச் சொல்வதால் அந்தப் பெயர் வந்ததாம். 2243 மீற்றர் உயரமான அந்த மலையை பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் தத்தம் நம்பிக்கையோடு பார்க்கிறார்கள். அரபுலகம் ஸரந்தீபை அறிந்தது பெரும்பாலும் இந்த மலையால்தான். அதாவது, பக்தாதிலோ தஞ்சியரிலோ இருந்த ஒரு பிள்ளையின் கற்பனையில் எங்கட மலை இருந்தது. எங்கட சுவர்களில் அது இருக்கவில்லை.

படம் இல்லாமல் போவதன் விலையை வடக்கு முஸ்லிம்கள் கொடுத்தார்கள். 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் அவர்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். சுவரில் தொங்கியதைக் கழற்ற நேரம் எங்கே? புத்தளத்து முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சோனகதெருவையும் எருக்கலம்பிட்டியையும் பெரியவர்களின் வாயிலிருந்துதான் அறிந்தார்கள். வார்த்தையால் கட்டிய ஊர் அது. சொல்பவர் மௌத்தாகும்போது ஒவ்வொரு வீடாக அதில் இடிந்து போகிறது. கிழக்குக் கரையில் 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியும் இதையே செய்தது. கடலோர வீடுகளின் அல்பங்கள் ஒன்றும் மிஞ்சவில்லை.

வேண்டுமென்றே காப்பாற்றிய இடமும் உண்டு. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகை நேரத்தில் காத்தான்குடியின் இரண்டு பள்ளிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மீரா ஜும்ஆப் பள்ளியின் சுவரில் துப்பாக்கிச் சன்னம் துளைத்த அடையாளங்களைப் பூசி மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். அங்கே ஓதப் போகும் பிள்ளை அந்தத் துளைகளை விரலால் தொட்டுப் பார்த்து வளர்கிறது. ஒரு சுவரை வைத்திருக்க வேண்டும் என்று தீர்மானித்தால் எங்களால் வைத்திருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஒரு சின்ன விசாரணை

எங்கட ஊர்ப் பழைய பள்ளி 1980களில் இடிக்கப்பட்டது. ஓட்டுக் கூரை, மரத் தூண்கள், வாசலில் ஹவுழ், ஒரு மூலையில் நகரா. புதிய பள்ளி பெரிது, காற்றோட்டமானது, மினாரா உயரமானது. பழையதன் படம் ஒன்று கூட எவரிடமும் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஊரின் வயதாளிகளிடம் போய் அதன் வடிவத்தைக் கேட்டு எழுத முயன்றேன். உள்ளே தூண்கள் எத்தனை? ஒருவர் 12 என்றார். இன்னொருவர் 16 என்றார். மூன்றாமவர், "எண்ணிப் பார்க்கவா போனோம் மகன், தொழத்தானே போனோம்" என்றார். ஹவுழ் வடக்கிலா தெற்கிலா என்பதிலும் இரண்டு பேச்சு. உள்ளே போயிராத ஒரு மூத்தம்மாதான் நகராச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதைத் திட்டமாகச் சொன்னா. எல்லோரும் ஒன்றுபட்டது ஒரு விடயத்தில் மட்டும்: வெயில் நேரத்திலும் நெற்றி வைத்தால் நிலம் குளிரும்.

அதே ஆட்களிடம் பழைய மக்கத்துப் படத்தைப் பற்றிக் கேட்டேன். தாழ்வாரம், குப்பா வரிசை, எந்தப் பக்கத்தில் மலை, கிஸ்வாவின் எந்த உயரத்தில் எழுத்துப் பட்டி எல்லாவற்றையும் தட்டுத் தடங்கல் இல்லாமல் சொன்னார்கள். ஐந்து வேளை நின்று தொழுத பள்ளியின் தூண் எண்ணிக்கை கலைந்துவிட்டது. நாலாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த பள்ளியின் வடிவம் அழியாமல் நிற்கிறது. அவர்களின் ஞாபகத்தில் குறை இல்லை. ஒன்றைச் சுவரில் மாட்டி ஒவ்வொரு நாளும் பார்த்தார்கள். மற்றதை யாரும் மாட்டவில்லை.

இனிச் செய்யக்கூடியது

மக்கா, மதீனா, பைத்துல் முகத்தஸ் படங்களை இறக்கச் சொல்ல மாட்டேன். ஒரு சின்னக் கடற்கரை ஊரில் பிறந்த பிள்ளைக்கு அவை உலகத்தைத் திறந்து காட்டின. தூரத்தில் உள்ள ஒரு நகரத்தின் மேல் அன்பு வைக்க முடியும் என்று கற்றுக்கொடுத்தன. அந்தப் படங்களின் பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் இருக்கிறது என்பதுதான் என் வேண்டுகோள்.

ஊரில் பள்ளியைத் திருத்தவோ இடிக்கவோ நிர்வாகம் முடிவெடுத்தால், வேலை தொடங்குமுன் நாலு பக்கமும் உள்ளேயும் படம் எடுத்து வையுங்கள். மிஹ்ராப், மிம்பர், தூண், கதவு, ஹவுழ் எல்லாவற்றையும் அளவு நாடா வைத்து அளந்து, வருடத்தோடு எழுதி வையுங்கள். இன்று எல்லோர் கையிலும் கமரா உள்ள கைப்பேசி இருக்கிறது. செலவு ஒரு சதமும் இல்லை. கைப்பேசியிலேயே விட்டுவிடாமல் அச்சிட்டுப் பள்ளி அலுவலகத்திலும் பாடசாலை நூலகத்திலும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். பழைய மிம்பரின் ஒரு பலகை மிஞ்சினாலும் விறகுக்குப் போக விடாதீர்கள். அக்ஸாவின் மிம்பர் மீண்டு வந்தது இப்படிப்பட்ட பதிவுகளால்தான்.

மத்ரஸாவில் சித்திரம் வரையச் சொல்லும்போது, கஃபாவை வரைந்து முடித்த பிள்ளையிடம் அடுத்த தாளில் தன் ஊர்ப் பள்ளியை வரையச் சொல்லுங்கள். முதலில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். தூண்களை எண்ணிக்கொண்டு வரட்டும்.